எஞ்சின் நம்பர்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊரிலிருந்து தம்பி போன் செய்தால், "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் ஆரம்பிப்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும் வரைக்கும் எனக்குப் பகீரென்று இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தான். அடுத்த வரி... "அண்ணா, அப்பா ஹெரால்டுக்கு ஜிப்ஸி எஞ்சின் வைக்கப்போறேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யணும்ல?"

அவன் கேட்கவில்லை. சொன்னான்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்கு எலவனாசூர்கோட்டையைத் தெரிந்திருக்கும். கண்டக்டர்கள் 'கோட்டை' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மரவள்ளியும். மழை பெய்து ஓய்ந்த நாளில் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை. மாடுகள் போன பிறகு அங்கே குடிவந்தது அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பா போய் எட்டு வருஷமாகிறது. வண்டி படுத்துப் பத்து வருஷம்.

அப்பா ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு அதிகாரி. கரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டிய வேலை. தியாகதுருகம், சின்னசேலம், கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று அந்த வண்டி பார்க்காத வரப்பு கிடையாது. 1983-ல், செகண்ட் ஹேண்டில் வாங்கினார். 1966 மாடல். ரெண்டே கதவு. முன் சீட்டை மடக்கிக் குனிந்து பின்னால் போக வேண்டும். புடவை கட்டிக்கொண்டு அதில் ஏறி இறங்குவதற்கு அம்மா ஒரு தனி வித்தை வைத்திருந்தாள்.

இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளிடம் 'மெட்ராஸில் கார் செய்தார்கள்' என்றால், ஹூண்டாய், ஃபோர்டு என்றுதான் நினைப்பார்கள். அதற்கெல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே, வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961-லிருந்து இங்கே செய்தார்கள். இத்தாலிக்காரரான ஜோவான்னி மிக்கலாட்டி வரைந்த வடிவம். அம்பாசடர் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி இருக்கும். ஃபியட் பேங்க் மேனேஜர். ஹெரால்டு, காலேஜில் கவிதை எழுதுகிற பையன்!

அந்த வண்டிக்கு இரண்டு விசேஷம். பேனட்டைத் தூக்கினால் மூடி மட்டும் வராது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்து முன்பக்கம் முழுசாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். இரண்டாவது, அந்தக் காலத்து மற்ற கார்கள் மாதிரி உடம்பும் சேஸிஸும் ஒன்றாகப் பற்ற வைத்தது இல்லை. கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடம்பு. குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி கழற்றிக் கழற்றி மாட்டலாம்.

தம்பிக்கு ஆசை வந்ததற்குக் காரணம் அந்த இரண்டும்தான்.

அவன் பட்டறை வைத்திருக்கிறான். டிராக்டர், பவர் டில்லர், போர்வெல் வண்டியின் கம்ப்ரஸர் எல்லாம் அவன் கைக்கு வரும். "பழைய எஞ்சின்ல உயிரே இல்லண்ணா. போர் தேஞ்சு ஓவலாயிருக்கு. பிஸ்டன் கெடைக்கல. கெடைச்சாலும் டெல்லியிலேருந்து வரணும். மிலிட்டரி ஏலத்துல வந்த ஜிப்ஸி எஞ்சின் ஒண்ணு கியர்பாக்ஸோட கைக்கு வந்திருக்கு. சாவி போட்டா ஸ்டார்ட் ஆகுது!"

"அது அப்பாவோட எஞ்சின்டா..." என்றேன். வேறு நியாயம் எதுவும் தோன்றவில்லை.

"எஞ்சின்லயாண்ணா அப்பா இருக்காரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

எஞ்சின் மாற்றுவது நம் ஊருக்குப் புதிதில்லை. எண்பதுகளில் பெட்ரோல் விலைக்குப் பயந்து, அம்பாசடரில் இருந்த எஞ்சினை இறக்கிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிய டாக்ஸிக்காரர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றால், மேளச் சத்தம் கேட்காது. கம்பெனியே செய்த கதையும் உண்டு. ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடம்புக்குள் ஜப்பான் இசுசு எஞ்சினைத் தொண்ணூறுகளில் வைத்துத்தான் அம்பாசடரை 2014 வரைக்கும் ஓட்டினார்கள். நம் ஸ்டாண்டர்டு கம்பெனி இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தது. 1985-ல் வந்த 'ஸ்டாண்டர்டு 2000' காருக்கு, இங்கிலாந்து ரோவரின் பளபளப்பான புது உடம்பு. உள்ளே, பழைய வேன்கார்டு காலத்து எஞ்சின். விலை ஒசத்தி, இழுவை கம்மி. 1988-ல் தொழிற்சாலையே மூடிவிட்டது. புது உடம்பில் பழைய இதயம் வைத்தவர்கள் தோற்றார்கள், பழைய உடம்பில் புது இதயம் வைத்தவர்கள் இருபது வருஷம் ஓட்டினார்கள் என்று தம்பி ஒருநாள் என்னிடமே வாதம் செய்தான். பதில் சொல்ல முடியவில்லை.

பொங்கலுக்குப் போனேன்.

கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் தொங்கியது. ஹெரால்டு மூஞ்சியைக் கவிழ்த்துக்கொண்டு, எஞ்சின் இல்லாமல் ஆவென்று நின்றது. பழைய எஞ்சினைக் கழுவி, கோணிச் சாக்கின் மேல் உட்கார வைத்திருந்தான். 948 சி.சி. சின்ன எஞ்சின்தான். பக்கத்தில் ஜிப்ஸியின் 1298 சி.சி. பார்ப்பதற்கு ரொம்பப் பெரிசாகத் தெரியவில்லை. ஆனால் குதிரைத்திறன் இரண்டு மடங்குக்கும் மேல்.

ரெண்டு நாள் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சின் மாற்றுவது என்றால் தூக்கி வைத்து போல்ட் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அது பத்தில் ஒரு பங்கு வேலை. அவன் முதலில் செய்தது, அட்டைப்பெட்டியை வெட்டி ஜிப்ஸி எஞ்சின் அளவுக்கு ஒரு பொம்மை செய்ததுதான். அதை உள்ளே இறக்கி, எங்கே இடிக்கிறது என்று சாக்பீஸால் குறித்தான். ஆயில் சம்ப் ஒரு பக்கம் முட்டியது. ஸ்டீயரிங் தண்டு ஒரு பக்கம் உரசியது. ரேடியேட்டரை நாலு விரல்கடை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. ஜிப்ஸியும் ஹெரால்டு மாதிரியே எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் வண்டி என்பதால், அதே கியர்பாக்ஸையும் சேர்த்தே ஏற்றிவிடலாம். ஆனால் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற ஷாஃப்ட்டின் நீளம் சேராது. அதை உளுந்தூர்பேட்டை லேத் பட்டறையில் வெட்டி, பற்ற வைத்து, ஆட்டம் இல்லாமல் பேலன்ஸ் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வர ஒரு தனிக் குழாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர் டப்பா, அதற்கு ஒரு கூடை வயர்.

"இதெல்லாம் பெரிசில்லண்ணா. நிறுத்தறதுதான் பெரிசு" என்றான்.

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முப்பத்தைந்து சொச்சம் குதிரைக்குச் செய்தது. எண்பது குதிரையைக் கட்டினால், அது நிறுத்துமா? பின் சக்கரங்கள் வேறு, குறுக்கே போட்ட ஒரே பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறவை. வேகமாக வளைவில் திருப்பி, சட்டென்று காலை எடுத்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஹெரால்டுக்கு அது பிறவிக் கோளாறு. "அதனால முதல்ல முன்னாடி டிஸ்க் பிரேக். அப்புறம்தான் எஞ்சின்" என்றான். அவன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். அவன் சேஸிஸில் ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை, பற்ற வைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஓட்டைகளிலேயே தகடு வைத்து, போல்ட் போட்டுத்தான் எஞ்சின் தாங்கிகளை நிறுத்தியிருந்தான். "வெல்டு வெச்சா ஒரு மணி நேர வேல. இதுக்கு நாலு நாள் ஆச்சு. ஆனா நாளைக்கு வேணாம்னா கழட்டிடலாம்ல?"

சாயங்காலம் அம்மா டீ கொண்டுவந்தாள். நான் விடாமல் மறுபடி ஆரம்பித்தேன். "இருந்தாலும் ஒரிஜினல் எஞ்சின்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்குடா. 1966-லேருந்து இந்த எஞ்சினோடதானே இந்த வண்டி..."

அம்மா டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எந்த எஞ்சின சொல்ற? இதத்தான் உங்கப்பா புதுப்பேட்டையிலேருந்து லாரியில போட்டுக் கொண்டாந்தாரே!"

கொட்டகையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

உள்ளே போய் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த ஆர்.சி. புக்கை எடுத்துவந்தாள். கூடவே அப்பாவின் நோட்டு. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டயர் வாங்கிய விலை எல்லாம் அதில் இருக்கும். ஆர்.சி. புக்கில் எஞ்சின் நம்பர் என்கிற இடத்தில், பழைய நம்பரைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் வேறு நம்பர் எழுதி, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டிருந்தது. வருஷம் 1987. தம்பி கெரசின் தொட்ட துணியால் கோணிச் சாக்கின் மேலிருந்த எஞ்சினைத் துடைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டாவது நம்பர்தான்.

நோட்டிலும் இருந்தது. மெட்ராஸில் உடைப்புக்கு வந்த ஸ்டாண்டர்டு கெஸல் வண்டியின் எஞ்சின். கெஸல் என்பது ஹெரால்டுக்கு அப்புறம் 1972-ல் அதே கம்பெனி விட்ட வண்டி. எஞ்சின் அதே 948 சி.சி. ரகம். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். லீவுக்கு வந்து 'அப்பா வண்டிச் சத்தம்' என்று கேட்டுச் சந்தோஷப்பட்டதெல்லாம் பாதி காலத்துக்கு வேறொரு வண்டியின் சத்தம்!

தம்பி சிரித்துவிட்டான். "பாத்தியாண்ணா? அப்பாவே மாத்தியிருக்காரு."

"மாத்தினாரு. சும்மா மாத்தல" என்றாள் அம்மா. "இந்த நம்பர எழுத வெக்கறதுக்குக் கடலூருக்கு மூணு தரம் பஸ்ல போயிட்டு வந்தாரு. நானே கேட்டேன், பேனட்ட தெறந்து எவன் பாக்கப்போறான்னு. அப்பத்தான் நம்ம தெருவுல ஒருத்தர டெம்போக்காரன் இடிச்சிருந்தான். அந்த வண்டிக்குப் பேப்பரே சரியில்ல. அவரு பொண்டாட்டி புள்ளைங்க கோர்ட்டுக்கு நடந்து நடந்தே தேஞ்சி போச்சுங்க. 'நம்ம வண்டி யார் மேலயாவது பட்டா, புக்குல இருக்கறதும் பேனட்டுக்குள்ள இருக்கறதும் ஒண்ணா இருக்கணும்'னாரு."

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் சொன்னதிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே ரக எஞ்சின் என்றால் முறையாக விண்ணப்பித்து, புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அப்பா செய்தது அது. ஹெரால்டில் ஜிப்ஸி என்பது வேறு கதை. 2021-ல் மத்திய அரசு ஒரு விதியும் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, சேஸிஸ், உடம்பு, எஞ்சினில் மாற்றம் செய்யாமல் இருக்கிற வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

வெள்ளைக்காரன் கணக்கு வேறு. அங்கே வீட்டு ஷெட்டில் வைத்து, பழைய மினி காரில் ஹோண்டா எஞ்சினைப் பொருத்துகிறவர்கள் நிறைய பேர். அவர்களுக்காகவே அங்கே நெடுங்காலம் ஒரு மார்க் முறை இருந்தது. மாற்றி அமைத்த வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ள எட்டு மார்க் வேண்டும். பழைய சேஸிஸ் அப்படியே இருந்தால் ஐந்து மார்க். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர் அமைப்புக்கு இரண்டிரண்டு. எஞ்சினுக்கு எவ்வளவு தெரியுமா? ஒன்றே ஒன்று!

தூக்கம் வராமல் இதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர்கள் கணக்கில், ஜிப்ஸி எஞ்சினோடும் அது ஹெரால்டுதான். நம் கணக்கில் இல்லை. எது சரி? எஞ்சினில் அப்பா இல்லை என்று தம்பி சொன்னது நிஜம்தான். ஆனால் அப்பா அந்த வண்டியில் எங்கேயோ இருக்கிறார். அந்தச் சிவப்பு மை அடித்த இடத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மாற்றினார், மாற்றியதை எழுதி வைத்தார். தெரியாத யாரோ ஒருவனுக்காக மூன்று முறை பஸ் ஏறினார்.

காலையில் எழுந்து வந்தபோது தம்பி கொட்டகையில்தான் இருந்தான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை போலிருக்கிறது. ஜிப்ஸி எஞ்சினை ஏற்றி முடித்திருந்தான்.

"ரோட்டுல ஏத்தலண்ணா. செஞ்ச வேல சரியான்னு மட்டும் பாக்கணும். நம்ம கொல்லையோட நிறுத்திக்கறேன்."

அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தான். நான் முன் சீட்டை மடக்கிக் குனிந்து பின்னால் போனேன். சாவியைத் திருப்பினான். ஒரு உறுமல், அப்புறம் அமைதி. நின்றுவிட்டதோ என்று பார்த்தால், இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது! கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவில் வண்டிப்பாதையில் போய்த் திரும்பி வந்தோம். தண்ணீரில் போகிற மாதிரி இருந்தது. பத்து வருஷம் படுத்துக் கிடந்த வண்டி.

தம்பி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லாத்தான் ஓடுது. சத்தமே இல்ல." அம்மா கொஞ்ச நேரம் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "அந்த வண்டி ரோட்டுலேருந்து திரும்பறப்பவே கேக்கும். கேட்டதும் உலைல அரிசி போடுவேன். அவரு கை கால் கழுவிட்டு வர்றதுக்குச் சோறு வெந்திருக்கும். இது தெரியாம வந்து நின்னா, நான் எப்ப அரிசி போடறது?"

நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு, தம்பி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனான். அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாராம். போட்டோவெல்லாம் ஆசையாகப் பார்த்தாராம். "நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா இத என்னால புக்குல ஏத்த முடியாது" என்றாராம். அவன் வாதாடவில்லை. வந்து, நாலு நாள் கஷ்டப்பட்டுப் போட்ட போல்ட்டுகளை அரை நாளில் கழற்றினான். இப்போது ஜிப்ஸி எஞ்சின் பட்டறையில் ஒரு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். கெஸல் எஞ்சினின் பிளாக் சேலத்தில் இருக்கிறது, போரைக் கடைந்து ஸ்லீவ் போடுவதற்காக. பிஸ்டனுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். வருமா, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டிஸ்க் பிரேக்கையும் கழற்றிவிட்டானா என்று கேட்டேன். "பழைய டிரம்மயே புதுசா லைனிங் போட்டு மாட்டிட்டேன். மெதுவா போற வண்டிக்கு அது போதும்" என்றான்.

போன வாரம் அப்பாவின் நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அப்பா கடைசியாக எழுதியது பேட்டரி மாற்றிய தேதி. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, தம்பியின் கோணல் கையெழுத்து.

'ஜிப்ஸி எஞ்சின் ஏற்றியது. கொல்லை வரை ஓட்டியது. அம்மா உட்கார்ந்தது. இறக்கியது.'

பக்கத்தில் தேதியும் போட்டிருந்தான்.